தேங்காய்ச் சில்லின் சத்தம்

என் தங்கையின் கணவருக்கு எதையும் கழற்றத் தெரியும். அதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. மின்விசிறி, சலவை இயந்திரம், அவருடைய அப்பாவின் மோட்டார் சைக்கிள் என்று கிள்ளான் வீட்டில் அவர் கைபடாத பொருள் கிடையாது. திரும்ப மாட்டுவதில்தான் சிக்கல். மாட்டி முடித்த பிறகு தரையில் ஓர் ஆணியோ வளையமோ மிச்சம் கிடக்கும். "இது எக்ஸ்ட்ரா லா, சும்மா போட்டு வச்சிருப்பான்" என்று சிரித்துக்கொண்டே அதை எடுத்து ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பார். அந்த டின் முக்கால்வாசி நிறைந்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

கெட்ட மனிதர் இல்லை. தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் இயந்திரத்தை ஓட்டுகிறார். குடி இல்லை, கூத்து இல்லை, தங்கையை ஒரு சொல் அதட்டியதில்லை. யாருக்காவது ஏதாவது செய்து கொடுக்கவேண்டும் என்று கை துறுதுறுத்துக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான். ஆனால் கை துறுதுறுப்பது ஒன்று, கைக்கு வேலை தெரிவது வேறொன்று. இதை எங்கள் வீட்டில் யாரும் அவரிடம் சொன்னதில்லை. மாப்பிள்ளை பாயசத்தில் உப்பைப் போட்டால்கூட இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்கிக் குடிக்கிற குடும்பம் எங்களுடையது.

தங்கைக்கு ஏழாம் மாதம். வளைகாப்பு கிள்ளானில், அவள் புகுந்த வீட்டில். சடங்கு முடிந்ததும் அவளை நாங்கள் பிரிக்பீல்ட்ஸுக்கு அழைத்துப் போய்விடவேண்டும். பிரசவம் வரைக்கும் அம்மா வீடு. நானும் அம்மாவும் என் காரில் சனிக்கிழமை மாலையே கிளம்பிப் போனோம். பழைய கார். சில நாட்களாகவே பிரேக்கை மிதித்தால் கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை வொர்க்‌ஷாப்பில் காட்டலாம் என்று நினைத்திருந்தேன்.

வாசலில் நான் காரை நிறுத்தும்போதே அவர் காதில் அந்தக் கீச்சு விழுந்துவிட்டது. கையில் இருந்த நாற்காலிகளைக் கீழே வைத்துவிட்டு வந்தார்.

"அக்கா, பிரேக் பேட் தேஞ்சு போச்சு. நாளைக்கிக் காலையில நான் மாத்திடுறேன். சின்ன வேலதான்."

"வேணாம் தம்பி. நாளைக்கி உங்களுக்கு ஆயிரம் வேல இருக்கு. நான் வொர்க்‌ஷாப்ல குடுத்துக்கிறேன்."

"வொர்க்‌ஷாப்ல என்ன செய்வான்? நான் வீடியோல பாத்திருக்கேன் லா. நாலு போல்ட்டு. அவ்ளோதான்."

நான் மறுபடி வாயைத் திறப்பதற்குள் அம்மா என் முழங்கையைப் பிடித்துச் சமையல்கட்டுப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். "மாப்பிள்ள ஆசையா ஒண்ணு செஞ்சு தரேன்னு சொல்றாரு. மூஞ்சில அடிச்ச மாதிரி வேணாங்கிற. புள்ளத்தாச்சிய வச்சிக்கிட்டு அவங்க வீட்டுல மனஸ்தாபம் வேணுமா உனக்கு?"

"பிரேக்கும்மா அது. மிக்ஸி இல்ல."

"எல்லாம் அவருக்குத் தெரியும். நீ சும்மா இரு."

மறுநாள் காலையில் நான் எழுந்து வந்தபோது காரின் முன்பக்கம் தூக்கி வைக்கப்பட்டு, வலப்பக்கச் சக்கரம் தரையில் கிடந்தது. பக்கத்தில் கைப்பேசியை ஒரு செங்கலில் சாய்த்து வைத்து, வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். வலப்பக்கத்தைப் பொறுமையாகத்தான் செய்தார். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். போல்ட்டை ஸ்பேனரால் முடுக்கி, தன் எடையைப் போட்டு அழுத்தி, மறுபடி ஒருமுறை தொட்டுப் பார்த்தார். பிறகு இடப்பக்கம் போனார்.

இடப்பக்கச் சக்கரத்தைக் கழற்றி, பழைய பேடை எடுத்துவிட்டு, முந்தின ராத்திரியே வாங்கி வந்திருந்த புதியதை வைத்திருப்பார். அந்த நேரம் பார்த்து எங்கள் சொந்தக்காரர்கள் வந்த வேன் தெருமுனையில் திரும்பியது. வளையல், பழம், பலகாரம், பூ என்று சீர்த்தட்டுகளோடு வந்தார்கள். பெண் வீட்டுச் சீர் வாசலுக்கு வரும்போது மாப்பிள்ளை அங்கே நின்று வரவேற்கவேண்டும். கையில் கரியோடு கார் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்தால் ஊர் சிரிக்கும்.

"மாப்பிள்ள, சீரு வந்துருச்சு! கைய கழுவிட்டு வேட்டியக் கட்டுங்க!" அம்மா குரல் கொடுத்தாள். இந்தப் பக்கம் அவருடைய அம்மா, "டேய், அந்தக் கார மொதல்ல எறக்குடா, கூடாரம் போட வழிய மறிக்குது" என்றார். இரண்டு அம்மாக்களும் ஒரே நேரத்தில் கத்தினால் எந்த ஆண்பிள்ளைதான் ஸ்பேனரைத் தேடிக்கொண்டிருப்பான்? சக்கரத்தைத் தூக்கி மாட்டினார். காரைத் தரையில் இறக்கினார். நானும் அவருமாக அதை வேலியோரம் தள்ளி விட்டோம். சற்று நேரத்தில் பட்டு வேட்டியில் சந்தனப் பொட்டோடு வாசலில் நின்றார். காரைச் சுற்றி விருந்தாளிகளின் செருப்புகள் குவிந்தன. ஓட்டிப் பார்க்க இடமும் இல்லை, நேரமும் இல்லை, யாருக்கும் அந்த எண்ணமும் இல்லை.

சடங்கு நன்றாக நடந்தது. தங்கை இரண்டு கைகளிலும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல்களோடு, கன்னத்தில் சந்தனம் காய்ந்து, களைத்துப்போய்ச் சிரித்துக்கொண்டிருந்தாள். முதல் பிள்ளை ஒன்று நிற்காமல் போய், வெகுநாள் காத்திருந்து வந்த பிள்ளை இது. அதனால் அன்று எல்லோரும் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தோம். அம்மா அடிக்கடி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் மாலையில் வரும். அதற்குள் கிளம்பிவிடவேண்டும். சீர் கொண்டுவந்த வேன் முன்னாலேயே போய்விட்டது. என் காரில் நான் ஓட்ட, பக்கத்தில் மாப்பிள்ளை, பின்னால் அம்மாவும் தங்கையும். மனைவியைப் பிரிக்பீல்ட்ஸில் விட்டுவிட்டு அவர் ரயிலில் திரும்புவதாக ஏற்பாடு.

காருக்குப் பொட்டு வைத்தார்கள். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா சூடம் சுற்றி, காருக்கு முன்னால் தேங்காயை ஓங்கி உடைத்தார். நன்றாகவே உடைந்தது. சில்லுகள் நாலாபக்கமும் சிதறின. நான் காரை நகர்த்தினேன். எலுமிச்சம்பழம் நசுங்கியது. தெருவைப் பார்ப்பதற்காக வாசலில் பிரேக்கை மிதித்தேன்.

இடப்பக்கம் "டக்" என்று ஒரு சத்தம்.

கீச்சு இல்லை. கீச்சு போய்விட்டது. அதற்குப் பதில் இந்த டக்.

"என்ன அது?" என்றேன்.

"தேங்காச் சில்லு ஏதாச்சும் மாட்டியிருக்கும்" என்றாள் அம்மா. "போ போ. நிக்காத."

"எறங்கிப் பாத்துட்டு வந்துர்றேனே."

"ஏய், சூடம் சுத்தி வழியனுப்பி வச்சிட்டாங்க. வயித்துப் புள்ளக்காரி உள்ள உக்காந்திருக்கா. பொறப்பட்ட வண்டிய திருப்பி நிறுத்துவியா? நல்லா இருக்கே நீ படிச்ச படிப்பு."

நான் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தேன். அவர் வெளியே நின்றவர்களுக்குக் கையசைத்துக்கொண்டிருந்தார். நான் கியரை மாற்றினேன்.

ஊருக்குள் முதல் சிவப்பு விளக்கில் நின்றபோது மறுபடி டக். கார் மூக்கை லேசாக ஆட்டிவிட்டு நின்றது. இரண்டாவது விளக்கில் டக்கோடு ஓர் உரசல். தேங்காய்ச் சில்லு இவ்வளவு தூரம் சக்கரத்தோடு கூட வருமா? பின்னால் அம்மா, யார் என்ன சீர் வைத்தார்கள் என்று பேசிக்கொண்டிருந்தாள். தங்கை வயிற்றில் கை வைத்து உம் கொட்டிக்கொண்டிருந்தாள். அவள் உம் கொட்டும்போதெல்லாம் வளையல்கள் கலகலவென்றன.

ஒவ்வொரு டக்குக்கும் மாப்பிள்ளையின் கால் விரல்கள் மடங்குவதைப் பார்த்தேன். சத்தம் வந்தது அவர் காலுக்கு நேர் கீழே இருந்துதான்.

கூட்டரசு நெடுஞ்சாலையில் ஏறியதும் சத்தம் நின்றுவிட்டது. ஏன் என்று எனக்குத் தெரியும். அங்கே நான் பிரேக்கைத் தொடவில்லை. இடப்பக்கத் தடத்திலேயே மெதுவாகப் போனேன். பின்னால் வந்த லோரிகள் விளக்கைப் போட்டுப் போட்டு என்னைத் தாண்டிப் போயின. நிறுத்த இடம் பார்த்தேன். ஓரத்தில் கம்பித் தடுப்பு, அதற்கப்பால் மோட்டார் சைக்கிள் பாதை. ஒதுங்க இடமே வரவில்லை.

அப்போதுதான் அவர் என் பக்கம் சாய்ந்து, பின்னால் கேட்காத குரலில் சொன்னார்.

"அக்கா."

"சொல்லுங்க."

"லெஃப்ட் சைடு போல்ட்டு... கையால திருகி வச்சேன். சீரு வந்துருச்சு. அப்புறம் ஸ்பேனர் போட்டேனா இல்லையான்னு ஞாபகம் வரல."

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்வது? கிணற்றைத் தாண்டுகிறவன் பாதியில் நின்று யோசித்த கதை. கையில் ஸ்டீயரிங் இல்லாமல் இருந்திருந்தால், மாப்பிள்ளையாவது மண்ணாங்கட்டியாவது, அறைந்திருப்பேன். ஆனால் பின்கண்ணாடியில் தங்கையின் முகம் தெரிந்தது. கண்ணை மூடித் தலையைச் சாய்த்திருந்தாள்.

"அது கழண்டா என்ன ஆவும்?" நானும் மெல்லத்தான் கேட்டேன்.

"பேட அழுத்திப் புடிக்கிற இரும்பு அந்தப் போல்ட்டுலதான் நிக்கிது. தொங்கிடும். ரிம்ல அடிக்கும். பிரேக் எண்ணெ போற டியூப்பு அதுலதான் இருக்கு. அது பிஞ்சா..."

அவர் முடிக்கவில்லை. முடிக்கவேண்டிய அவசியமும் இல்லை.

"பிரேக்க மிதிக்காதீங்க அக்கா. கியர்லயே கொறைங்க. எக்சிட் வந்தா வெளிய போயிரலாம்."

ஷா ஆலாம் தாண்டி ஓர் இறக்கம். அதன் அடியில் வெளியேறும் வழி இருக்கிறது. அங்கே ஒதுங்கிவிடலாம் என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டு இறங்கினேன். பாதி இறக்கத்தில் முன்னால் போன லோரியின் சிவப்பு விளக்கு எரிந்தது. அதற்கு முன்னால் எல்லா வண்டிகளின் விளக்குகளும் எரிந்தன. சாலை அடைத்துக்கொண்டுவிட்டது.

கியரைக் குறைத்தேன். இயந்திரம் கத்தியது. போதவில்லை. லோரியின் பின்கதவு பெரிதாகிக்கொண்டே வந்தது. வேறு வழி இல்லாமல் பிரேக்கை மிதித்தேன்.

கீழே கர்ரென்று இரும்பு இரும்பைப் பிறாண்டியது. யாரோ அடியிலிருந்து சுத்தியலால் ஓங்கி அடித்தது போல ஓர் அடி. பிறகு என் காலுக்குக் கீழே இருந்த பிரேக் அப்படியே தளர்ந்து உள்ளே போயிற்று. சேற்றில் கால் வைத்தது போல. அந்தத் தளர்வை என் கால் இன்றைக்கும் மறக்கவில்லை. கார் வலப்பக்கம் இழுத்தது, லோரிகள் போகிற தடத்தை நோக்கி.

"ஹேண்ட் பிரேக்கு! மெதுவா, மெதுவா!"

அவர் கை என் கைமேல் வந்தது. இருவருமாக அதை இழுத்தோம். ஒரு கையால் ஸ்டீயரிங்கை இடப்பக்கம் முறுக்கினேன். நல்லவேளை, எக்சிட்டின் வாய் அங்கே தொடங்கியது. லோரியை உரசாமல் அதன் இடப்பக்கமாக நுழைந்து, புல்லில் ஏறி, கம்பித் தடுப்பில் கதவைத் தேய்த்துக்கொண்டு போய், குலுங்கி நின்றது கார். லோரிக்காரன் ஒலிப்பானை நீளமாக அழுத்தினான்.

இயந்திரத்தை அணைத்தேன்.

பிறகு அம்மாவின் குரல் கேட்டது. "ஐயோ, வளையலு ஒடஞ்சு போச்சே."

திரும்பினேன். தங்கை முன் இருக்கையை இறுகப் பிடித்திருந்தாள். வளையல் துண்டுகள் அவள் மடியில் கிடந்தன. மணிக்கட்டில் மெல்லிய ரத்தக்கோடு. அம்மா துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "வளையல் போட்ட அன்னிக்கே ஒடையுதே, என்ன அபசகுனமோ" என்றாள்.

"வளையலா இப்ப முக்கியம்?" என்று கத்தினேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. "சில்லு சில்லுன்னு சொன்னீங்களே, போய்ப் பாருங்க உங்க தேங்காச் சில்ல!"

தங்கை எங்களைக் கவனிக்கவே இல்லை. இரண்டு கைகளையும் வயிற்றில் வைத்து, எங்கோ தூரத்தில் யாரோ பேசுவதைக் கேட்கிறவள் போலத் தலையைச் சாய்த்திருந்தாள்.

"அசையலக்கா" என்றாள்.

மாப்பிள்ளை கதவைத் திறந்துகொண்டு பின்பக்கம் ஓடினார். குனிந்து கையை நீட்டினார். அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். கோபமாகக்கூட இல்லை. சாமான் ஒன்றை நகர்த்தி வைப்பது போல நகர்த்தினாள். அவர் கையை எடுத்துக்கொண்டு புல்லில் நின்றார். பட்டு வேட்டி காற்றில் படபடத்தது.

நான் பின் இருக்கையில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அம்மா எந்த எந்தச் சாமிக்கோ வேண்டிக்கொண்டிருந்தாள். முதல் பிள்ளை போன அன்றும் இவள் இதே போலத்தான் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். எனக்கு அழுகை வந்தது. அவள் முன்னால் அழக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். தண்ணீர் கொடுத்தேன், குடித்தாள். இடப்பக்கம் சாய்ந்து படு என்றேன், படுத்தாள். அடைப்பு விலகி, வண்டிகள் விர் விர்ரென்று போய்க்கொண்டிருந்தன. அந்த நேரம் எவ்வளவு என்று என்னால் சொல்ல முடியாது.

பிறகு அவள் என் கையைப் பிடித்துத் தன் விலாவுக்குக் கீழே வைத்தாள். உள்ளேயிருந்து ஒரு முட்டு. அப்புறம் இன்னொன்று, பலமாக.

"ஒதைக்குது" என்றேன், வெளியே நின்றவருக்குக் கேட்கும்படி. அவர் சாலையோரத்தில் அப்படியே குந்தி, முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டார்.

"தலைக்கு வந்தது தலப்பாவோட போச்சு" என்றாள் அம்மா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தலைக்கு அதைக் கூட்டிக்கொண்டு வந்ததே நாம்தானே.

வாடகைக் காரை வரவழைத்துத் தங்கையையும் அம்மாவையும் ஏற்றினேன். நேராக மருத்துவமனைக்கு. ஏறும்போது தங்கை முதல்முறையாகக் கணவரிடம் பேசினாள். "நீங்க வரவேணாம். இங்கேயே இருந்து, என்ன செஞ்சீங்கன்னு பாத்துட்டு வாங்க."

அவர் பார்த்தார். நானும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத்தான் வேறு காரில் போனேன். இடப்பக்கச் சக்கரத்தின் உள்புறம் முழுக்க எண்ணெய் வழிந்திருந்தது. இரும்பு ஒரு பக்கம் மட்டும் பிடித்துக்கொண்டு தொங்கியது. கீழ்ப்போல்ட் இருக்கவேண்டிய ஓட்டை காலியாக இருந்தது. அந்தப் போல்ட் மட்டும் அவருடைய பிஸ்கட் டின்னுக்கு வந்து சேரவே இல்லை. கிள்ளானுக்கும் ஷா ஆலாமுக்கும் நடுவில் எங்கோ கிடக்கிறது.

குழந்தைக்கு ஒன்றும் இல்லை என்று மருத்துவர் சொன்னார். ஆனால் தங்கை வெகுநாள் அவரோடு சரியாகப் பேசவில்லை. ஒவ்வொரு வார இறுதியிலும் அவர் ரயிலேறி பிரிக்பீல்ட்ஸுக்கு வருவார். கொண்டுவந்த பழத்தை மேசைமேல் வைத்துவிட்டு ஓரமாக உட்காருவார். எங்கள் வீட்டுக் குழாய் ஒழுகியது. முன்பென்றால் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் குந்தியிருப்பார். இப்போது அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "பிளம்பரக் கூப்புடுங்க அத்த" என்றார். எனக்கே பாவமாகப் போய்விட்டது.

பெண் குழந்தை பிறந்தது. தாயையும் பிள்ளையையும் கிள்ளானுக்கு அழைத்துப் போகிற நாளும் வந்தது. அதே கார்தான். வொர்க்‌ஷாப்பில் முழுதாகச் சரிசெய்து வாங்கி, நான் பல நாள் ஓட்டியாகிவிட்டது. ஆனாலும் அவர் முந்தின நாளே வந்து, அதை மறுபடி வொர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோகச் சொன்னார். ஒவ்வொரு போல்ட்டையும் முடுக்கும்போது பக்கத்திலேயே நின்றார். மெக்கானிக் எரிச்சலோடு, "பாஸ், நீங்க தள்ளி நின்னாதான் எனக்குக் கை போவும்" என்றார். அவர் தள்ளி நிற்கவில்லை.

புறப்படும் நேரம். அடுக்குமாடியின் கீழே கார் நிறுத்துமிடத்தில் அம்மா பொட்டு, சூடம், எலுமிச்சம்பழம், தேங்காய் எல்லாவற்றோடும் நின்றாள். தங்கை குழந்தையோடு காரை நோக்கி வந்தாள். அவர் கையை நீட்டித் தடுத்தார்.

"நீ அங்கேயே நில்லு. பாப்பாவ ஏத்தாத." பிறகு என்னிடம், "அக்கா, கொஞ்சம் முன்னால வந்து பிரேக்க மிதிங்க."

நான் நகர்த்தி மிதித்தேன். அவர் இடப்பக்கச் சக்கரத்தின் அருகே குந்தி, காதைக் கிட்டே வைத்திருந்தார். பின்னால் போகச் சொன்னார். போய் மிதித்தேன். மறுபடி முன்னால். இன்னும் வேகமாக என்றார். அம்மா தேங்காயைக் கை மாற்றிக்கொண்டே இருந்தாள்.

"மாப்பிள்ள, ராகு காலம் வந்துரும்."

"வரட்டும் அத்த."

எங்கள் வீட்டில் ஒரு மாப்பிள்ளை அம்மாவிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. அம்மா தேங்காயைத் தட்டில் திரும்ப வைத்தாள். தங்கை அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திருப்தியானதும் எழுந்து தலையாட்டினார். தங்கை குழந்தையோடு ஏறினாள். அம்மா சூடம் சுற்றித் தேங்காயை உடைத்தாள். நான் சாவியைத் திருகப் போனேன்.

"பொறுங்க அக்கா."

மறுபடி குந்திவிட்டார். காரைச் சுற்றிச் சிதறிய தேங்காய்ச் சில்லுகளைப் பொறுக்கத் தொடங்கினார். சக்கரத்தின் அருகே, காருக்கு அடியில், தூணோரம் என்று கை எட்டிய இடமெல்லாம் தடவி, ஒன்று விடாமல் எடுத்து அம்மாவின் தட்டில் போட்டார். சக்கரத்துக்கு அடியில் அம்மா வைத்திருந்த எலுமிச்சம்பழத்தைக்கூட எடுத்துத் தட்டில் வைத்தார். அம்மா தடுக்கவில்லை. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.

"இனிமே என்ன சத்தம் கேட்டாலும் அது வண்டிதான் அக்கா. ஒடனே நிறுத்திருங்க."

பின்னாலிருந்து தங்கையின் கை வந்து அவர் தோளில் விழுந்தது. நான் காரைக் கிளப்பினேன்.